சித்திரைக்கு நேர்கீழே ஒரு கேலக்ஸி

சித்திரா பௌர்ணமி அன்று மாலை கன்னியாகுமரிக் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மேற்கே சூரியன் இறங்கும் அதே வேளையில் கிழக்கே கடலிலிருந்து முழுநிலா எழுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். அன்று நிலாவுக்குப் பக்கத்தில் வெண்மையாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் சித்திரை. நிலா வெளிச்சத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கூட்டம் கலைந்து கடைகள் எல்லாம் மூடிய பிறகு, நள்ளிரவு வாக்கில், அந்த நட்சத்திரம் தெற்கு வானத்தில் உச்சிக்கு வரும். அங்கிருந்து ஒரு தூக்குநூலைக் கடலை நோக்கி இறக்கினால், 32 பாகை (டிகிரி) கீழே, அந்த நூல் ஏறக்குறைய ஒரு கேலக்ஸியின் மீதே போய் நிற்கும்.

வெறும் கண்ணுக்கு அது தெரியாது. வானியலாளர்களின் பட்டியலில் அதன் எண் என்.ஜி.சி. 5128. ரேடியோ வானியலாளர்கள் வைத்த பெயர் சென்டாரஸ் ஏ. தூரம் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. கேட்க மலைப்பாக இருந்தாலும், கேலக்ஸிகளின் கணக்கில் இது பக்கத்துத் தெருதான். நமக்கு அருகில் இருக்கும் பெரிய நீள்வட்ட கேலக்ஸிகளில் இதுவும் ஒன்று. நீள்வட்ட கேலக்ஸிகளைப் பற்றி வானியலாளர்கள் வைத்திருந்த எண்ணத்தை மாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைவிட, இதைப் பார்ப்பதற்கு இந்திய நிலப்பரப்பில் குமரிமுனையைவிட வாய்ப்பான இடம் கிடையாது என்பது இந்த மாவட்டத்துக்காரர்களே பெரும்பாலும் அறியாத செய்தி. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நீள்வட்ட கேலக்ஸி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நாம் இருக்கும் பால்வீதி ஒரு சுருள் கேலக்ஸி. தட்டையான வட்டு, அதில் சுருள் கைகள், வாயு, தூசு, புதிதாகப் பிறக்கும் நீல நட்சத்திரங்கள் என்று அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நட்சத்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் மையத்தைச் சுற்றுகின்றன. நீள்வட்ட கேலக்ஸியில் இந்த ஒழுங்கு இல்லை. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் தேனீக்கள் மேலும் கீழும் குறுக்குமாக எல்லாத் திசைகளிலும் பறக்கும். ஆனாலும் பெட்டியை விட்டுப் போகாது. நீள்வட்ட கேலக்ஸியின் நட்சத்திரங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் போக்கில் சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. எல்லாமாகச் சேர்ந்து, நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மெல்லக் கரைந்துபோவதாகவும் ஒரு உருண்டை ஒளித்திட்டு நமக்குத் தெரிகிறது.

எட்வின் ஹபிள் 1926இல் கேலக்ஸிகளை வடிவத்தை வைத்து வகைப்படுத்தியபோது இவற்றுக்கு ஈ0 முதல் ஈ7 வரை எண் கொடுத்தார். முழு உருண்டையாகத் தெரிந்தால் ஈ0, நன்றாக நசுங்கியதாகத் தெரிந்தால் ஈ7. இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த எண் நம் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைத்தான் சொல்கிறது. நீண்ட உருவம் ஒன்றை அதன் முனைப் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் வட்டமாகத்தானே தெரியும்? அப்புறம், இவை சுழல்வதால்தான் நசுங்கியிருக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 1970களின் நடுவில் சுழற்சி வேகத்தை அளந்து பார்த்தபோது, பல பெரிய நீள்வட்ட கேலக்ஸிகள் அந்த அளவுக்குச் சுழலவே இல்லை என்று தெரிந்தது. நட்சத்திரங்களின் ஓட்டம் சில திசைகளில் கூடுதலாகவும் சில திசைகளில் குறைவாகவும் இருப்பதுதான் அந்த வடிவத்துக்குக் காரணம்.

நிறத்திலும் இவை வேறு மாதிரி. நீல நட்சத்திரங்கள் பெருத்தவை, சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுபவை. அவை இருக்கிறது என்றால் அங்கே சமீபத்தில் நட்சத்திரம் பிறந்திருக்கிறது என்று பொருள். நீள்வட்ட கேலக்ஸிகளில் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமான கிழட்டு நட்சத்திரங்களே இருக்கின்றன. புதிய நட்சத்திரம் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு அவற்றில் மிகக் குறைவு. அதனால் இவை வேலை முடிந்து ஓய்ந்த கேலக்ஸிகள், இனி இங்கே நடப்பதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. சென்டாரஸ் ஏ அந்த எண்ணத்துக்கு அடங்க மறுத்தது.

சரி, அதைப் பார்க்க ஏன் குமரி? கணக்கு எளிது. இந்தக் கேலக்ஸி வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் போகும் கோட்டுக்கு, 43 பாகை தெற்கே இருக்கிறது. 90இலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையையும் இந்த 43ஐயும் கழித்தால், அது தெற்கே அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறும் என்பது வந்துவிடும். கன்னியாகுமரி 8 பாகை, ஆக 39 பாகை உயரம். சென்னையில் 34. டெல்லியில் 18 பாகைதான். அந்த உயரத்தில் தூசியும் நகர வெளிச்சமும் போட்டி போட்டு மறைத்துவிடும். லடாக்கின் ஹான்லேயில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி அருமையான வானத்தின் கீழ் இருக்கிறது. ஆனால் அங்கிருந்தும் இது 14 பாகைக்கு மேல் ஏறாது. பாரிஸில் அடிவானத்துக்கு மேலே வரவே வராது.

பாரிஸைச் சும்மா சொல்லவில்லை. வானத்தில் மங்கலாகத் தெரியும் பொருள்களுக்கு உலகம் முழுவதும் பழகிய பட்டியல் சார்ல் மெஸ்ஸியே பாரிஸில் இருந்து தொகுத்தது. எம் 31, எம் 87 என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பட்டியல். சென்டாரஸ் ஏ அதில் இருக்கும் பல கேலக்ஸிகளைவிடப் பிரகாசமானது. ஆனாலும் அதற்கு மெஸ்ஸியே எண் கிடையாது. அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது, அவ்வளவுதான். வானத்தைப் பற்றிய நம் அறிவில் எது முதலில் சேர்ந்தது, எது தாமதமாகச் சேர்ந்தது என்பதில் பார்த்தவர் நின்ற ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தொலைநோக்கியின் அளவைப் பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை என்பது என் குறை.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர் தெற்கே போனவர்தான். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்திலுள்ள பாராமட்டாவிலிருந்து 1826இல் இதைப் பதிவு செய்தார். பிறகு ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்தார். 1847இல் அவர் வெளியிட்ட தொகுப்பில், நீள்வட்டமான ஒரு ஒளித்திட்டை நடுவில் அகலமான கருப்புப் பட்டை ஒன்று இரண்டாகப் பிளப்பதுபோல் இருப்பதாக விவரித்திருக்கிறார். நீள்வட்ட கேலக்ஸி என்றால் தூசு இல்லாத, வழுவழுப்பான ஒளித்திட்டு என்பது பின்னால் வந்த இலக்கணம். அந்த இலக்கணத்தில் இந்தக் கருப்புப் பட்டைக்கு இடமே இல்லை. அது என்ன என்பது தெரிய இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின. விடை ரேடியோ அலைகள் வழியாக வந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். சிட்னியில் டோவர் ஹைட்ஸ் என்ற இடத்தில், பசிபிக் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல், ராணுவ ரேடார் நிலையம் ஒன்று இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். போர் முடிந்ததும் அந்த இடத்தை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வானத்தின் ரேடியோ அலைகளைக் கேட்கப் பயன்படுத்தினார்கள். ஒற்றை ஆண்டெனாவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்ல அதனால் முடியாது. துல்லியம் வேண்டுமானால் தள்ளித் தள்ளி இரண்டு ஆண்டெனாக்கள் வைத்து, இரண்டிலும் வரும் அலைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்கள் இரண்டாவது ஆண்டெனாவின் வேலையைக் கடலிடம் கொடுத்துவிட்டார்கள்.

அது எப்படி என்றால், வானத்தில் ஒரு ரேடியோ மூலம் (ரேடியோ அலைகளை அனுப்பும் பொருள்) கடலிலிருந்து உதிக்கும்போது, அதன் அலைகள் பாறை மேலிருக்கும் ஆண்டெனாவுக்கு இரண்டு வழியில் வருகின்றன. ஒன்று நேராக வருவது. மற்றொன்று கடல் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வருவது. இரண்டாவது அலை கொஞ்சம் கூடுதல் தூரம் வருகிறது. இரண்டும் ஒத்த கட்டத்தில் வந்து சேர்ந்தால் சமிக்ஞை வலுக்கும், எதிர்க் கட்டத்தில் வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மூலம் மேலே ஏற ஏற அந்தக் கூடுதல் தூரமும் மாறும். அதனால் பதிவுத் தாளில் பேனா சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஏறி இறங்கி, அலை அலையாகக் கோடு போடும். அந்த ஏற்ற இறக்கம் எந்த நேரத்தில் தொடங்குகிறது, எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதை வைத்து மூலம் இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம். ஏற்ற இறக்கம் தெளிவாக இருந்தால் மூலம் வானத்தில் சிறிய இடத்தில் அடங்கியது என்றும் சொல்லலாம். 1946இல் ரூபி பெய்ன்-ஸ்காட் உள்ளிட்ட குழு இதே இடத்தில் இதே முறையில் சூரியனை ஆராய்ந்து, ரேடியோ அலைகள் சூரியப் புள்ளிகள் இருக்கும் பகுதியிலிருந்து வருகின்றன என்று காட்டியது. ரேடியோ வானியலில் ஆரம்பத்திலேயே பெரிய வேலை செய்த பெண் விஞ்ஞானி அவர். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் வந்தே ஆக வேண்டும்.

அடுத்து ஜான் போல்ட்டன், கோர்டன் ஸ்டான்லி, புரூஸ் ஸ்லீ ஆகிய மூவரும் நட்சத்திரங்களுக்கு நடுவே தெரிந்த ரேடியோ மூலங்களைத் துரத்தினார்கள். டோவர் ஹைட்ஸ் கிழக்குக் கரை. அங்கே உதயத்தை மட்டும்தான் பதிய முடியும். உதயம், அஸ்தமனம் இரண்டும் கிடைத்தால்தான் இடம் சரியாக அமையும். அதனால் போல்ட்டனும் ஸ்டான்லியும் 1948இல் நியூசிலாந்துக்குக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். டோவர் ஹைட்ஸைவிட மூன்று மடங்குக்கு மேல் உயரமான குன்று ஒன்றிலிருந்து கிழக்குக் கடலில் உதயத்தைப் பதிந்தார்கள். பிறகு சாமான்களைக் கட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய் அஸ்தமனத்தைப் பதிந்தார்கள்.

குமரியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதைப் படித்தால் ஒன்று தோன்றும். இரண்டு கரைக்கு அலைய வேண்டிய தேவை இங்கே இல்லை. சென்டாரஸ் ஏ குமரிமுனையில் தென்கிழக்கே கடலிலிருந்து எழுகிறது. தெற்கே கடலுக்கு மேலே உச்சிக்கு வருகிறது. தென்மேற்கே மறுபடியும் கடலில் இறங்குகிறது. மொத்தம் சுமார் 11 மணி நேரப் பயணம், அத்தனையும் தண்ணீருக்கு மேலே. முட்டத்துப் பாறை மேட்டில் ஒரு ஆண்டெனாவை வைத்து, மாலைச் சூரியன் கடலில் இறங்கும்போது இதே பரிசோதனையைச் சின்ன அளவில் நம் கல்லூரி மாணவர்கள் செய்து பார்க்கலாம். அவர்கள் அன்று பயன்படுத்திய 100 மெகாஹெர்ட்ஸ் இன்று எஃப்.எம். நிலையங்களின் கையில் இருக்கிறது, வேறு அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சூரியன் பெரிதாகச் சீறும் நாள்களில் செய்தால் பலன் நன்றாகத் தெரியும்.

1949இல் மூவரும் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ரேடியோ மூலங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் பொருள்களை அடையாளம் காட்டினார்கள். ஒன்று நண்டு நெபுலா, வெடித்த நட்சத்திரம் ஒன்றின் எச்சம். மற்ற இரண்டும் கேலக்ஸிகள், எம் 87உம் என்.ஜி.சி. 5128உம். இரண்டுமே நீள்வட்ட வகை. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு வலுவான அலை என்றால், அங்கே வெளிப்படும் ஆற்றல் நினைத்துப் பார்க்க முடியாத அளவாக இருக்க வேண்டும். அதனால் அவை நம் பால்வீதிக்கு வெளியே இருப்பவை என்று அடித்துச் சொல்ல அந்தக் கட்டுரை தயங்கியது. தயக்கம் ஓரிரு ஆண்டுகளில் நீங்கியது. ஓய்ந்துபோனதாக எண்ணியிருந்த வகையைச் சேர்ந்த கேலக்ஸிகள் வானத்தின் பலமான ரேடியோ மூலங்களில் முன்வரிசையில் நின்றன.

கருப்புப் பட்டைக்கு 1954இல் வால்டர் பாடெ, ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். நாம் பார்ப்பது ஒரு கேலக்ஸி அல்ல, நீள்வட்ட கேலக்ஸி ஒன்றும் சுருள் கேலக்ஸி ஒன்றும் மோதிக்கொண்டிருக்கும் காட்சி என்றார்கள். அடிப்படையில் அது சரியான திசை. வாயுவும் தூசும் நிறைந்த ஒரு கேலக்ஸியை இந்தப் பெரிய கேலக்ஸி விழுங்கியிருக்கிறது. விழுங்கப்பட்டதன் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கலந்துவிட்டன. தூசும் வாயுவும் மட்டும் வளைந்து நெளிந்த வட்டாக நடுவில் இன்னும் சுற்றுகின்றன. அந்த வட்டை நாம் ஓரவாட்டில் பார்ப்பதால் அது பட்டையாகத் தெரிகிறது. 1983இல் டேவிட் மாலினும் கூட்டாளிகளும் புகைப்படத் தகடுகளைத் தனி முறையில் கையாண்டு, கேலக்ஸியின் வெளிப்புறத்தில் மங்கலான ஓடுகள்போல் நட்சத்திர வளைவுகள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு கேலக்ஸி இன்னொன்றில் விழுந்து, முன்னும் பின்னும் ஊசலாடிக் கலக்கும்போது விட்டுச்செல்லும் தடங்கள் அவை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டூம்ரே சகோதரர்களின் வேலை. 1972இல் ஆலர், யூரி டூம்ரே இருவரும் கணினியில் கேலக்ஸிகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக, சுருள் கேலக்ஸிகள் மோதி ஒன்றானால் வட்டின் ஒழுங்கு குலைந்து நீள்வட்ட கேலக்ஸி உருவாகலாம் என்ற கருத்து 1977இல் வலுப்பெற்றது. இன்று பெரும்பாலான வானியலாளர்கள் ஏற்கும் வரலாறு இதுதான். நீள்வட்ட கேலக்ஸிகளின் அமைதியான தோற்றம் பழைய மோதல்களின் விளைவு. சென்டாரஸ் ஏவில் அந்த வேலை இன்னும் முடியவில்லை, அதனால்தான் தடயங்கள் வெளியே தெரிகின்றன. இதைச் சுத்தமான நீள்வட்டம் என்று சொல்லாமல், நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட வில்லை வடிவ வகையில் சேர்ப்பவர்களும் உண்டு. எந்த வகையில் வைத்தாலும் அதன் உள்ளே நடப்பது மாறாது.

உள்ளே நடப்பது என்ன? மையத்தில் ஒரு கருந்துளை இருக்கிறது. வாயுவும் நட்சத்திரங்களும் மையத்தைச் சுற்றும் வேகத்தை அளந்து, அதன் நிறை நம் சூரியனைப்போல் சுமார் ஐந்தரைக் கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விழுங்கிய வாயுவில் ஒரு பங்கு அதை நோக்கி இறங்குகிறது. இறங்கும் பொருள் எல்லாம் உள்ளே போய்விடுவதில்லை. காந்தப் புலத்தின் பிடியில் ஒரு பகுதி இரண்டு எதிர்த் திசைகளிலும் தாரையாகப் பீய்ச்சியடிக்கப்படுகிறது. தாரையின் முடிச்சுகள் சில ஒளியின் வேகத்தில் பாதி அளவுக்கு நகர்வதை அளந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தத் தாரைகள் கொட்டிய பொருள், கேலக்ஸிக்கு வெளியே இருபுறமும் பெரிய ரேடியோ மடல்களாக விரிந்து கிடக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட 18 லட்சம் ஒளியாண்டு. வானத்தில் இது 8 பாகை. முழுநிலாவின் அகலம் அரைப் பாகை என்பதால், 16 நிலாக்களை வரிசையாக அடுக்கிய நீளம். நம் கண்களுக்கு ரேடியோ அலை தெரியுமானால், குமரிக் கடலுக்கு மேலே எந்த விண்மீன் கூட்டத்தையும்விட இதுதான் முதலில் கண்ணில் படும்.

2021இல் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு இந்தத் தாரையின் அடிப்பகுதியைப் படமெடுத்து வெளியிட்டது. 2019இல் எம் 87இன் கருந்துளை நிழலைக் காட்டிய அதே குழுதான், 2017இல் செய்த கண்காணிப்பிலிருந்து இதையும் எடுத்தது. ஒளி ஒரு நாளில் கடக்கும் தூரத்தைவிடச் சிறிய விவரங்கள் அந்தப் படத்தில் தெரிந்தன. தாரையின் ஓரங்கள் பிரகாசமாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் இருந்தன. எம் 87இன் கருந்துளை சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறை கொண்டது. சென்டாரஸ் ஏவினுடையது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் இரண்டு தாரைகளும் ஒரே மாதிரி இருந்தன. சிறிய கருந்துளையும் மிகப் பெரிய கருந்துளையும் ஒரே விதிப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவின் பங்கும் இதில் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட்டில் ஒரு புற ஊதாத் தொலைநோக்கி உண்டு. புற ஊதா ஒளியில் இளம் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அந்தக் கருவியால் சென்டாரஸ் ஏவின் வடக்குப் பகுதியைப் பார்த்தபோது, தாரை போகும் பாதையை ஒட்டி இளம் நட்சத்திரங்கள் தெரிந்தன. தாரையின் அழுத்தத்தால் அங்கிருந்த வாயு நெருக்கப்பட்டு நட்சத்திரம் பிறக்கிறது என்பது விளக்கம். பொதுவாக இந்தத் தாரைகள் வாயுவைச் சூடாக்கி, சிதறடித்து, நட்சத்திரப் பிறப்பைத் தடுக்கும் என்றுதான் சொல்வார்கள். நீள்வட்ட கேலக்ஸிகள் கிழடாகவே இருப்பதற்கு அது முக்கியக் காரணமாகவும் கருதப்படுகிறது. ஒரே கேலக்ஸியில் தடுப்பதும் பிறப்பிப்பதும் சேர்ந்து நடக்க முடியும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

டோவர் ஹைட்ஸில் கடலைப் பயன்படுத்தியதுபோல், நிற்கும் இடத்தைக் கருவியின் பாகமாக்கும் யோசனை நம் மாநிலத்திலும் உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம் கொண்டது. அதை வேண்டுமென்றே ஒரு மலைச்சரிவில் வைத்தார்கள். சரிவின் சாய்வும் ஊட்டியின் அட்சரேகையும் ஒன்றே, சுமார் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.

இனி, பார்க்க விரும்புகிறவர்களுக்கு. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவம் வந்துவிடும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. அக்டோபர் வாக்கில் சென்டாரஸ் ஏ பகல் வானத்தில் இருப்பதால், அந்த மழையால் நமக்கு நட்டமில்லை. தை மாதக் கடைசியில் விடிகாலை 5 மணிக்கு அது தெற்கே ஏறக்குறைய உச்சியில் இருக்கும். மார்ச் நடுவில் அதிகாலை 2 மணி கடந்து உச்சிக்கு வரும். சித்திரை முதல் நாள் இரவு 12.15 வாக்கில், மே நடுவில் இரவு 10.15 வாக்கில். மாசி, பங்குனி அமாவாசைகளை ஒட்டிய இரவுகள்தான் என் தேர்வு. வானம் தெளிவாக இருக்கும், நிலாவும் இடைஞ்சல் செய்யாது.

கன்னியாகுமரி ஊருக்குள் நின்றால் வள்ளுவர் சிலை, பாறை, கண்ணாடிப் பாலம் எல்லாவற்றின் விளக்குகளும் கண்ணைப் பறிக்கும். சொத்தவிளை, மணக்குடி, முட்டம் பக்கம் போனால் தெற்கு அடிவானம் இருட்டாகக் கிடைக்கும். தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலம் எதுவும் கிடையாது, அந்தப் பக்கமிருந்து எந்த ஊரின் வெளிச்சமும் வராது. தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் மட்டும் தெரியும், அவை இவ்வளவு உயரத்தைத் தொந்தரவு செய்வதில்லை. உப்புதான் பிரச்சினை. கடற்கரையில் லென்ஸைத் திறந்து அரை மணி நேரம் வைத்தால் ஈரமும் உப்பும் சேர்ந்து மெல்லிய படலம் பிடிக்கும். விரல் நுனியால் தொட்டால் பிசுபிசுக்கும். சட்டை நுனியால் துடைத்துவிடாதீர்கள், கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தென்னைகளுக்குப் பின்னால் மேடாக ஓர் இடம் பார்ப்பது நல்லது. பார்க்காத நேரத்தில் மூடி போட்டு வையுங்கள்.

தேடும் முறை இது. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி வரும், இன்னும் நீட்டினால் வெண்மையாகச் சித்திரை. சித்திரை தெற்கே உச்சியில் இருக்கும்போது, கையை நீட்டி மூன்று முஷ்டி அளவு கீழே இறங்குங்கள். அங்கே பைனாகுலரை மெதுவாக நகர்த்தினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒமேகா சென்டாரி என்ற கோள விண்மீன் கொத்தாக இருக்கும். இருட்டான இடத்தில் அது வெறும் கண்ணுக்கே மங்கிய நட்சத்திரம்போல் தெரியும். 17 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், நம் பால்வீதிக்குச் சொந்தமானது. அதிலிருந்து நேர் மேலே நாலரைப் பாகை ஏறினால் சென்டாரஸ் ஏ. 10x50 பைனாகுலரில் சின்னப் பஞ்சுத் துணுக்காகத் தெரியும். 8 அங்குலத் தொலைநோக்கி இருந்தால், கண் இருட்டுக்கு அரை மணி நேரம் பழகிய பிறகு, நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். ஹெர்ஷல் எழுதிய அந்தக் கருப்புப் பட்டை மெல்லத் துலங்கும். முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். ஒரு முறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் விடாது. அதே இரவில் எம் 87ஐயும் பார்க்கலாம். அது கிட்டத்தட்ட உங்கள் தலைக்கு நேர்மேலே வரும், ஆனால் 5 கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருப்பதால் இதைவிடச் சிறியது, மங்கலானது.

அமெச்சூர் வான்நோக்கிகளுக்கு இந்தக் கேலக்ஸியில் வேலை இருக்கிறது. 1986 மே மாதத்தில் இதன் தூசிப் பட்டைக்குள் ஒரு நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறியது. முதலில் பார்த்தவர் ராபர்ட் எவன்ஸ், ஆஸ்திரேலியாவில் ஒரு கிறிஸ்தவ போதகர். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்திருந்து, வீட்டுத் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, புதிதாக ஒரு புள்ளி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். வாழ்நாளில் 40க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களை இப்படிக் கண்ணாலேயே கண்டுபிடித்தவர் அவர். 2016 பிப்ரவரியில் இதே கேலக்ஸியில் அடுத்த சூப்பர்நோவாவைக் கண்டவர்களும் ஆஸ்திரேலியாவின் அமெச்சூர் குழு ஒன்றுதான். இரண்டு முறையும் கண்டவர்கள் தென்கோளத்துக்காரர்கள். வட அட்சரேகையில், இந்தக் கேலக்ஸி 39 பாகை ஏறும் ஊரில், பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு 8 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தை முதல் வைகாசி வரை வாரம் ஒரு முறை பார்த்துப் படமெடுத்து வைத்தால் போதும். ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பட்டையின் ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளி தென்பட்டால், மறுநாள் மீண்டும் உறுதி செய்துகொண்டு காவலூர் வானாய்வகத்துக்குத் தெரிவிக்கலாம்.